எதிர்முனையில் நிற்கும் இன்னொரு பெற்றோர்

(கோலா சிலாங்கூரில் பெற்றோர்களும் இளைஞர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'மகாராஜா' படத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். 2024 ஜூன் 14-ஆம் தேதி திரைக்கு வந்தது. அடுத்த மாதமே நெட்பிலிக்ஸில் வந்துவிட்டதால் தியேட்டருக்குப் போக வாய்ப்பில்லாத வீடுகளிலும் ஓடியது. பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச வழியில்லை. முடிச்சு தெரிந்து பார்த்தாலும் சுவை குறையாத படம் என்பது என் எண்ணம். சொல்லப்போனால் இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் அது தன் முழு முகத்தையும் காட்டுகிறது.

குற்றப் படங்களை ரசிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். குற்றப் படம் என்றால் கடல்போல் விரிந்து கிடக்கிறது. நான் அதில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைக்கு ஏதோ நேர்ந்துவிடுகிறது. தட்டிய கதவு எதுவும் திறக்கவில்லை. தகப்பனோ தாயோ, நேற்றுவரை எறும்பை மிதிக்கவும் யோசித்தவர், தன் கையாலேயே ஒரு காரியத்தைச் செய்யத் துணிகிறார். இந்த வகைப் படங்களைப் பார்க்கும்போது கண்ணை எங்கே வைக்க வேண்டும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் எதிர்முனையில் இன்னொரு பெற்றோர் நிற்பார். அவரைத் தேடுங்கள். அவரை இயக்குநர் எவ்வளவு பொறுப்போடு படைத்திருக்கிறார் என்பதில்தான் இந்த வகைப் படத்தின் தரம் இருக்கிறது.

இது சினிமா கண்டுபிடித்த சூத்திரம் என்று நினைக்க வேண்டாம். மனுநீதிச் சோழன் கதையை நாம் எல்லாரும் தமிழ்ப் பள்ளியில் படித்திருக்கிறோம். திருவாரூர் வீதியில் இளவரசன் வீதிவிடங்கனின் தேர்ச் சக்கரத்தில் சிக்கிக் கன்று சாகிறது. தாய்ப்பசு அரண்மனைக்குப் போய் ஆராய்ச்சி மணியை இழுக்கிறது. இதை நீதிக் கதையாகவே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கதைக்காரனின் கண்ணோடு பாருங்கள். மணியின் கயிற்றைப் பிடித்து நிற்பது பிள்ளையைப் பறிகொடுத்த தாய். மணி ஓசை கேட்டு வெளியே வருவது இன்னும் சற்று நேரத்தில் பிள்ளையைப் பறிகொடுக்கப் போகும் தகப்பன். கயிற்றின் இரு முனையிலும் பெற்றோர். சேக்கிழார் பெரிய புராணத்தில் இதை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார். இளவரசன் மேல் தேரை ஓட்டச் சொல்லி அரசன் ஏவிய அமைச்சர், அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். பிறகு அரசனே தேரேறுகிறான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. நீதியின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். எனக்கோ அது, தன் பிள்ளைக்கும் ஊரான் பிள்ளைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு தகப்பனின் உருவமாகவே தெரிகிறது.

இப்போது 'மகாராஜா'வுக்கு வருவோம். முடிதிருத்தும் தொழிலாளி மகாராஜா. மனைவி இல்லை. மகள் ஜோதியோடு வாழ்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரி வீட்டுக்குள் பாய்ந்தபோது குழந்தையின் மேல் கவிழ்ந்து அதன் உயிரைக் காத்தது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி. அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்து வீட்டில் ஒரு ஆளாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், லட்சுமியைத் திருடிவிட்டார்கள், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று புகார் சொல்கிறார். அங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். அடிக்கிறார்கள். வெளியே தள்ளுகிறார்கள். மனுஷர் நகர மாட்டேன் என்கிறார். சொன்னதையே மறுபடி மறுபடி, ஒரே குரலில், ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறார்.

விஜய் சேதுபதிக்கு இது 50-ஆவது படம். ஐம்பதாவது படத்தில் ஒரு நட்சத்திரம் இப்படி முதுகு வளைந்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் ஓடாமல், அடிவாங்கிக்கொண்டு நிற்கச் சம்மதித்ததே பெரிய விஷயம். அந்த ஸ்டேஷன் காட்சிகளைத்தான் நான் படத்தின் உயிர் என்பேன். சண்டைக் காட்சிகளை இன்னொரு இயக்குநரும் எடுத்துவிடுவார். தன் மகளுக்கு நேர்ந்த கொடுமையை வாய்விட்டுச் சொல்ல முடியாத தகப்பன், குப்பைத்தொட்டி என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டு அதே வாசலில் காத்துக்கிடப்பதை எழுத ஒரு தனி மனம் வேண்டும். முதல் முறை பார்க்கும்போது நாமும் போலீஸ்காரர்களோடு சேர்ந்து சிரித்தோம். உண்மை தெரிந்தபின் நம் சிரிப்பே நம்மைக் குத்துகிறது. மகாராஜா அங்கே வந்தது தொட்டியைத் தேடி இல்லை. மகளைச் சீரழித்த கூட்டத்தில் பிடிபடாத ஒருவனைத் தேடித்தான் வந்திருக்கிறார். இன்ஸ்பெக்டராக நட்டி நடித்திருக்கிறார். லஞ்சத்துக்குப் பணிகிற அந்த மனிதர் உண்மையை அறிந்ததும் தகப்பன் பக்கம் சாய்வது, சினிமா நமக்குக் கொடுக்கும் ஆறுதல்.

எதிர்முனைக்குப் போவோம். அனுராக் காஷ்யப் நடித்த செல்வம். மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன். இரவில் வீடு புகுந்து கொள்ளையடிக்கிற, கொலையும் அதைவிடக் கேவலமானதும் செய்கிற கொடியவன். ஆனால் மகள் என்றால் உயிர். பிறந்தநாளுக்குத் தங்கச் சங்கிலி வாங்குகிறான். முடிவெட்ட வந்த இடத்தில் அதை விட்டுவிட்டுப் போகிறான். கடைக்கார மகாராஜா அதைத் திருப்பிக் கொடுக்க வீடு தேடி வருகிறார். அவர் வந்த நேரம் போலீசும் வருகிறது. காட்டிக்கொடுத்தவன் இவன்தான் என்று செல்வம் மனதில் பதித்துக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறான். வஞ்சத்தை வளர்த்துக்கொண்டு, விடுதலையாகி வந்து, மகாராஜாவைப் பழிவாங்க அவர் மகளைத் தேர்ந்தெடுக்கிறான். அந்தப் பெண் யார் என்பது கடைசியில் தெரிகிறது. லாரி விபத்தில் செத்தது மகாராஜாவின் மகள். தொட்டிக்குள் பிழைத்தது, அந்த நேரம் அந்த வீட்டுக்கு வந்திருந்த செல்வத்தின் மனைவி கொண்டுவந்த குழந்தை. செல்வத்தின் வஞ்சம் சீரழித்தது அவனுடைய சொந்த மகளை. மகாராஜா இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்து வளர்த்தது தன்னைப் பகையாளியாக நினைத்தவனின் பிள்ளையை.

படத்தொகுப்பு பிலோமின் ராஜ். செல்வம் கொள்ளையடித்த காலத்தையும் மகாராஜா ஸ்டேஷனில் நிற்கும் காலத்தையும் ஒன்றோடொன்று பின்னி, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதாக நம்மை நம்பவைக்கிறார். நடுவில் பல வருஷ இடைவெளி இருப்பது பின்னால்தான் புரிகிறது. இதை வெறும் வித்தை என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. காலத்தைக் குலைத்ததால் இரண்டு தகப்பன்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். இவர் மகளைக் கொஞ்சுகிறார், அடுத்த காட்சியில் அவன் மகளைக் கொஞ்சுகிறான். இரண்டு கொஞ்சலுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. பிள்ளைப் பாசம் ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று தமிழ் சினிமா பல காலமாகச் சொல்லிவந்திருக்கிறது. தன் பிள்ளையிடம் வைத்த பாசம் ஊரான் பிள்ளையைப் பற்றிய இரக்கமாக மாறாவிட்டால் அதற்கு மதிப்பில்லை என்று இந்தப் படம் சொல்கிறது. நித்திலன் சாமிநாதன் இதை எங்கேயும் வசனமாக வைக்கவில்லை. வெட்டி ஒட்டிய முறையிலேயே வைத்திருக்கிறார். தம்பிமார்கள் கவனிக்க வேண்டும். அவர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்து வந்தவர். 2017-இல் வந்த 'குரங்கு பொம்மை' அவருடைய முதல் படம். பாரதிராஜா தகப்பனாகவும் விதார்த் மகனாகவும் நடித்தது. அங்கே தகப்பனை இழந்த மகனின் கதை. அடுத்த படத்திலேயே அதைப் புரட்டிப் போட்டுவிட்டார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு சிறுமிக்கு நேர்ந்த வன்கொடுமையைக் கதையின் திருப்பத்துக்குக் கருவியாக்கியது நியாயமா என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஜோதி மருத்துவமனைப் படுக்கையில் என்ன நினைத்தாள், அவள் இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதற்குப் படத்தில் இடம் மிகக் குறைவு. கடைசியில் அவளே செல்வத்தின் முன் வந்து நின்று பேசுகிறாள். அந்த ஒரு காட்சி நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அது ஒரு காட்சிதான். தகப்பன்களின் துயரம் இவ்வளவு பெரிதாக எழும்பும்போது மகளின் துயரம் அதன் நிழலில் மறைந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள் சிலர் இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் செய்ததில் தவறில்லை.

இந்த வகையில் அடுத்தது 'பாபநாசம்', எல்லாருக்கும் தெரிந்த கதை. 2013-இல் மோகன்லால் நடித்த 'திருஷ்யம்' மலையாளத்தில் வந்தது. அதே ஜீத்து ஜோசப் 2015-இல் கமல்ஹாசனை வைத்துத் தமிழில் எடுத்தார். கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம் அதிகம் படிக்காதவர். தெரிந்ததெல்லாம் சினிமா பார்த்துத் தெரிந்தது. மகளை ஆபாசப் படம் எடுத்து மிரட்டிய இளைஞன் அவள் கையால் செத்துப்போக, தன் குடும்பத்தைக் காக்க அவர் ஒரு பொய்யைக் கல்மேல் கல்லாக அடுக்குகிறார். நாம் கைதட்டுகிறோம். ஆனால் எதிர்முனையில் யார்? போலீஸ் அதிகாரி கீதா பிரபாகர். செத்தவன் அவருடைய மகன். ஆஷா சரத் அந்தப் பாத்திரத்தில் ஒரு தாயின் பதைப்பையும் அதிகாரத்தின் கொடூரத்தையும் ஒரே முகத்தில் கொண்டுவந்தார். தன் பிள்ளையைத் தேடும் அந்தத் தாய்தான் இன்னொருத்தி பெற்ற சின்னப் பிள்ளையை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பதவி, காக்கிச் சட்டை எல்லாம் போனபிறகு, அவரும் கணவரும் வெறும் அம்மா அப்பாவாகச் சுயம்புலிங்கத்தின் முன் வந்து நிற்கிறார்கள். எங்கள் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள் என்கிறார்கள். கமல் அங்கே உடைந்து அழுகிறார். நேரடியாக ஒப்புக்கொள்ளாமல், மறுக்காமலும், ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்தக் காட்சி இல்லாவிட்டால் 'பாபநாசம்' கெட்டிக்காரத்தனமான புதிர்ப் படமாக நின்றிருக்கும்.

இந்தக் கதைக்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு. 2019 டிசம்பரில் சீனாவில் இதே கதை சீன மொழியில் வந்து பெரிய வெற்றி பெற்றது. அதை இயக்கிய சேம் குவா பினாங்குக்காரர். மலேசியர். கதையை அவர் தாய்லாந்தில் வாழும் ஒரு சீனக் குடும்பத்தின்மேல் வைத்தார். வேற்று நாட்டில் பிழைக்க வந்த ஒரு தகப்பனுக்கு அங்குள்ள அதிகாரத்தின்மேல் இருக்கும் அச்சம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் கப்பலில் வந்தவர்கள். அந்தப் படத்தின் முடிவில் தகப்பன் உண்மையை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறார். தமிழில் மன்னிப்போடு முடிந்தது அங்கே தண்டனையோடு முடிகிறது. எது சரி என்று வீட்டுக்குப் போய் விவாதியுங்கள். எனக்குத் தமிழ் முடிவுதான் பிடிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் தகப்பனுக்கு ஜெயில் கதவு சாத்தும் ஓசையைவிட ஒரு மனிதனின் கண்ணீர் கொஞ்சமாவது பயன்பட்டிருக்கும்.

உலகப் படங்களில் இரண்டைத் தொட்டுச் செல்கிறேன். 2013-இல் டெனி வில்னெவ் இயக்கிய 'பிரிசனர்ஸ்'. காணாமல்போன சிறுமியின் தகப்பனாக ஹியூ ஜாக்மேன். சந்தேகப்பட்ட ஓர் அப்பாவி இளைஞனை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்கிறார். அந்த இளைஞனே பல வருஷங்களுக்கு முன் கடத்தப்பட்ட ஒரு பிள்ளை என்று பின்னால் தெரிகிறது. கடத்தியவளும் தன் மகனை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தாய். பிள்ளையைத் தேடும் தகப்பன் யாரோ ஒருவரின் காணாமல்போன பிள்ளையைத்தான் அத்தனை நாளும் அடித்துக்கொண்டிருந்தார். 2009-இல் வந்த கொரியப் படம் 'மதர்', பாங் ஜூன் ஹோ இயக்கியது. அறிவு வளர்ச்சி குன்றிய மகன் கொலைப் பழியில் மாட்டிக்கொள்ள, அவனை மீட்கப் போராடும் அம்மாவாக கிம் ஹே ஜா. மகனுக்குப் பதிலாக வேறொருவனைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். உண்மை தெரிந்த அந்த அம்மா அவனைப் போய்ப் பார்க்கிறார். உனக்கு அம்மா இருக்கிறாரா என்று கேட்கிறார். இல்லை. அவர் அழுகிற அழுகை இருக்கிறதே, எதிர்முனையில் நிற்க ஓர் அம்மாவும் இல்லாததற்கான அழுகை அது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம் மண்ணில் இப்படி ஒரு படம் உண்டா? உண்டு. 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழிப் பாகுபாடு பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதை எதிர்த்து மலாய்க் கலைஞர்களே குரல் கொடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம் தாம் வாங்கிய விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். விதி திருத்தப்பட்டது. சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது. தமிழ் பேசும் ஒரு படத்துக்கு அது கிடைத்ததில் நமக்குப் பெருமை. நமக்காக நின்ற அந்த மலாய் நண்பர்களுக்கு நன்றி சொல்ல இந்த மேடையையும் பயன்படுத்திக்கொள்கிறேன்.

கதை 1990-களின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய ஒரு குடும்பம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையனாக ஹர்விந்த் ராஜ். அவன் அப்பா மணியமாகக் குபேன் மகாதேவன். குறும்பும் கற்பனையும் நிறைந்த பையன். படித்தால்தான் பிழைப்பு என்று அப்பா அவனை அடிக்கிறார். எங்கே இவனும் உறவுக்காரன் ஒருவனைப் போல் குண்டர் கும்பலில் போய்ச் சேர்ந்துவிடுவானோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் விழும் ஒவ்வோர் அடியும் பையனை அந்த உறவுக்காரன் இருக்கும் பக்கமே தள்ளுகிறது.

'மகாராஜா'வில் எதிர்முனையில் செல்வம் இருந்தான். 'பாபநாச'த்தில் கீதா பிரபாகர் இருந்தார். மணியத்துக்கு எதிரில் யார் இருக்கிறார்கள்? யாருமே இல்லை. தன் குடும்பத்துக்கு இந்த நிலை எப்படி வந்தது என்று பிடித்து உலுக்க அவருக்கு ஒரு சட்டைக் காலர் அகப்படவில்லை. கம்பெனி எங்கோ இருக்கிறது. தோட்டத்துத் துரை மாறிவிட்டார், கணக்கெழுதும் கிராணி மாறிவிட்டார், தோட்டத்தின் பெயரே மாறிவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பது மகன் ஒருவன்தான். அடி அவன்மேல் விழுகிறது. நம் ஊர்களில் பெல்ட்டைக் கழற்றிய எத்தனையோ தகப்பன்களைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தப் படம் உதவியது. அந்த அடியை நான் நியாயப்படுத்தவில்லை. அடிபட்ட பிள்ளைகள் இந்த அவையிலும் வளர்ந்து பெரியவர்களாகி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு இது தெரிந்ததுதான். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. பால் வெட்டுகிறவரை, குலை தள்ளுகிறவரை, லயம் என்ற வரிசை வீட்டில் இருக்கலாம். வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிறகு நிலமே வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டது. ஒரு தோட்டம் விற்கப்பட்டால் அன்றைக்கே ஒரு குடும்பத்தின் சம்பளம், கூரை, பிள்ளைகளின் பள்ளி, கும்பிட்ட கோயில், கைக்குழந்தையை விட்டுவைத்த ஆயாக்கொட்டகை அத்தனையும் சேர்ந்து போகும். உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டத்து மக்கள் தங்களுக்கு வாக்களித்த வீட்டுக்காக இருபது வருஷத்துக்கும் மேல் அலைந்தார்கள். இந்தப் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது 2007-இல். பெயர் மாறுவதற்கு முன்பே சுற்றிலும் இருந்த வாழ்க்கை மாறிவிட்டிருந்தது.

வெளியே வந்தவர்கள் புறம்போக்கு நிலத்திலும் மலிவு விலை பிளாட்டிலும் குடியேறினார்கள். அம்மா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அப்பா லோரி ஓட்டுகிறார், செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். தோட்டத்தில் ஒரு பையன் பள்ளிக்குப் போகாமல் ஆற்றங்கரையில் திரிந்தால் சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் வந்து சொல்லிவிடுவார்கள். யார் வீட்டு அத்தையும் யார் வீட்டுப் பிள்ளையையும் அதட்டலாம். பிளாட்டில் ஐந்தாவது மாடிப் பையன் யார் மகன் என்று மூன்றாவது மாடிக்குத் தெரியாது. அந்த வெற்றிடத்தில்தான் ஓர் அண்ணன் வந்து பையனின் தோளில் கை போட்டான். 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பட்டியல் போட்டு வெளியிட்டது. அவற்றில் பலவற்றுக்குப் பெயர் வெறும் எண்தான். அந்த எண்களுக்குள் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு தாய் உண்டு.

இந்த இடத்தில் நிஜ வாழ்க்கையிலிருந்து ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி ஓர் ஆசிரியை. நாடறிந்த வழக்கு. 2009-இல் பதினொரு மாதக் கைக்குழந்தையான தம் மகளைக் கணவர் எடுத்துச் சென்றார். பிள்ளைகளின் மதத்தையும் தாயைக் கேட்காமல் மாற்றினார். எதிர்முனையில் நின்றவர் அந்தப் பிள்ளையின் தகப்பன். இந்த அம்மா கத்தி எடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். மேல்முறையீட்டில் தோற்றார். மேல் கோர்ட்டுக்குப் போனார். 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இந்த நாட்டுச் சட்ட வரலாற்றில் நின்று நிலைக்கும் தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வந்த பிறகும் மகள் வீடு வந்து சேரவில்லை. எடுத்துச் சென்ற நாளில் பால்குடிக் குழந்தை, தாய் காத்திருந்த காலத்திலேயே குமரியாகிவிட்டாள்.

ஒரு பெற்றோரின் கையறுநிலை நிஜத்தில் இப்படித்தான் இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் முடியாது. அதில் பெரும்பகுதி காத்திருப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, படிவம் நிரப்புவது, நாளைக்கு வாருங்கள் என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவது. சினிமா அதைச் சுருக்கிப் பழிவாங்கலாக மாற்றித் தருகிறது. நாம் டிக்கெட் வாங்கிப் போவது அந்தச் சுருக்கத்துக்காகத்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'மகாராஜா'வில் அந்த ஸ்டேஷன் வாசலைப் பார்க்கும்போது இந்தக் காத்திருப்பும் உங்கள் நினைவுக்கு வரவேண்டும். விஜய் சேதுபதி அந்த முகத்தை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். போலீஸ் ரிப்போர்ட் எடுத்துவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்த எத்தனையோ தோட்டத்து அப்பாக்களின் முகம் அது. ஐசி என்ற அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்காகப் பதிவு இலாகாவுக்கு நடையாய் நடக்கும் அம்மாக்களின் முகமும் அதுதான்.

நம்மிடையே ஒரு வழக்கம் வளர்ந்துவிட்டது. ஊரில் ஒரு வெட்டுக் குத்து நடந்தால் அடிபட்டவன் வீட்டுக்குப் போகிறோம், பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறோம். போக வேண்டியதுதான். பிடிபட்டவன் வீட்டு வாசலை யாரும் மிதிப்பதில்லை. வளர்ப்பு சரியில்லை என்ற ஒரே சொல்லில் அந்தக் குடும்பத்தை முடித்துவிடுகிறோம். அந்த வீட்டு அம்மா கடைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார், கோயில் திருவிழாவில் ஓரமாக நிற்கிறார். அவருக்கும் இரவில் தூக்கம் இல்லை. பெரிய புராணத்தில் கன்றின் தாய்க்கு இடம் கொடுத்த நம் மரபு, தேரோட்டியவனின் தகப்பனையும் கதைக்கு வெளியே நிறுத்தவில்லை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இங்கே படம் எடுக்க ஆசைப்படும் தம்பிகள், தங்கச்சிகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். போனிலேயே எடுக்கலாம் என்ற காலம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து வரும் படங்களைப் பார்த்து அரிவாளும் மெதுவோட்டமும் எடுக்கப் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எடுங்கள். ஒரு கதையைச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டில் நின்ற இரண்டு அம்மாக்கள். தோட்டம் போனபின் ஒரே பிளாட்டில் வேறு வேறு மாடியில் குடியிருக்கிறார்கள். ஒருத்தியின் மகன் இன்னொருத்தியின் மகனை அடித்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டான். வழக்கு நாளன்று இருவரும் கோலா சிலாங்கூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வர வேண்டும். காலை ஏழு மணிக்கு ஒரே பஸ்தான் இருக்கிறது. அந்தப் பஸ்ஸில் என்ன நடக்கும்? யார் முதலில் பேசுவார்? பேசினால் மகனைப் பற்றிப் பேசுவார்களா, சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்களா, செத்துப்போன அந்தப் பழைய ஆயாவைப் பற்றிப் பேசுவார்களா?

இருபது நிமிஷப் படம் போதும். வசனத்தை நம் பேச்சில் எழுதுங்கள். கோடம்பாக்கத்துப் பேச்சு வேண்டாம். நடிக்க ஆள் தேடி எங்கேயும் போக வேண்டாம், உங்கள் அத்தைமார்களைக் கேளுங்கள். திரைக்கதையை எழுதி முடித்ததும் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படித்துத் திருத்துவோம். படம் தயாரானால் முதலில் இதே மண்டபத்தில் போட்டுக் காட்டுவதற்கு வேண்டிய ஏற்பாட்டை இங்கே இருக்கும் பொறுப்பாளர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.